ரெண்டிலிருந்து தொடங்கும் பாட்டு

மழை பொய்த்து, உப்பளங்களில் உப்பு மட்டும் மலைமலையாகக் குவிந்த ஒரு வருஷத்தில், தூத்துக்குடி கிட்டங்கித் தெருவில் தையல்காரர் செல்லையாவின் மிஷின் சத்தம் காணாமல் போனது. மிஷின் காணாமல் போகவில்லை. அது வழக்கம்போல வாசலுக்கு நேரே இருந்தது, செல்லையா மிதித்தார், சக்கரம் சுற்றியது, ஊசி ஏறி இறங்கியது, துணியில் தையல் விழுந்தது, சத்தம் மட்டும் வரவில்லை. அவர் எண்ணெய் விட்டுப் பார்த்தார், விட்ட எண்ணெயைத் துடைத்துப் பார்த்தார், கடைசியில் தன் காதுதான் போய்விட்டதோ என்று பயந்து தன் பெயரைத் தானே ஒருமுறை சொல்லிப் பார்த்தார். பெயர் கேட்டது.

தெருவுக்கு வந்த முதல் சந்தேகம் அவர் மேல்தான். "அண்ணாச்சி, மிஷின்ல தைக்கியளா, இல்ல மிஷின்ல உக்காந்துகிட்டு கையால தைக்கியளா?" என்று துணி கொடுத்தவர்கள் வாசலில் நின்று கேட்டார்கள். அவர் ஒவ்வொருவரையும் உள்ளே கூப்பிட்டு, கண் முன்னால் ஒரு சாண் துணி தைத்துக் காட்டி அனுப்பினார். பத்து நாளில் அலுத்துப்போய், மிதிக்கும்போதெல்லாம் வாயாலேயே கடகடவென்று சொல்ல ஆரம்பித்தார். தெரு அதற்குப் பழகிக்கொண்டது.

அந்தச் சத்தம் எங்கே இருந்தது என்று எனக்குத் தெரியும். என் வீட்டு முன்னறையில், ஒரு ரிக்கார்டின் முதல் பக்கத்தில், ஆறாவது நிமிஷத்தில், ஆர்கனுக்கும் கிடாருக்கும் நடுவில் இருந்தது.

நான் அப்போது துறைமுகத்தில் டாலி கிளார்க். கப்பலில் ஏறும் மூட்டையையும் இறங்கும் பெட்டியையும் எண்ணுவது வேலை. நாலு கோடு கீறி ஐந்தாவதைக் குறுக்கே இழுத்தால் ஒரு கட்டு. நாள் முழுக்கக் கட்டுக் கட்டாக எண்ணிவிட்டு வீட்டுக்கு வந்தாலும் விரல் சும்மா இருக்காது, தட்டில் உள்ள நெத்திலியைக்கூட எண்ணும். அப்படிப்பட்ட எனக்கு ஓர் ஆங்கிலேய மாலுமி, ஒரு பொட்டலம் மக்ரூனை வாங்கிக்கொண்டு, ஒரு ரிக்கார்டைக் கொடுத்தான். போட்டுப் பார்த்தேன். ஒரு பக்கம் முழுக்க ஒரே பாட்டு, இருபத்து மூன்று நிமிஷம். முதலில் பிளேயர்தான் கெட்டுப்போய்விட்டது என்று நினைத்தேன். பாட்டு போகிற போக்கில் பாதியில் நின்று, வேறு பாட்டாகி, தேவாலயத்து ஆர்கனாகி, சண்டையாகி, திரும்பத் தொடங்கிய இடத்துக்கே வந்து சேர்ந்தது. தாளத்தை என் கோடுகளால் எண்ணிப் பார்த்தேன். ஒரு கட்டு போக ரெண்டு மிச்சம் நின்றது. ஏழு. அதுவரை சினிமாப் பாட்டில் நாலும் மூன்றும் எண்ணிப் பழகிய காதுக்கு, அந்த மிச்ச ரெண்டு ஒரு கதவைத் திறந்துவிட்டது.

அன்றிலிருந்து எந்தக் கப்பல் வந்தாலும் நான் மக்ரூனோடு போனேன். பதினொன்றில் ஓடும் பாட்டு, பதிமூன்றில் ஓடும் பாட்டு, புல்லாங்குழலும் மின்சார கிடாரும் ஒன்றையொன்று முறைத்துக்கொள்ளும் பாட்டு, கதை சொல்வதுபோல ரெண்டு ரிக்கார்டுக்கு நீளும் பாட்டு. உறையில் இருந்த எழுத்தை அகராதி வைத்துக்கொண்டு படித்துத்தான் நான் ஆங்கிலம் கற்றேன். இதற்கு புரோக்ரெசிவ் ராக் என்று ஒரு பெயர் உண்டு என்பதே ஐந்தாவது ரிக்கார்டின் உறையில்தான் தெரிந்தது. நாற்பத்தொரு ரிக்கார்டு சேர்ந்தது. கொழும்பிலிருந்து வந்த தேயிலைப் பெட்டி ஒன்றில் அவை அளவெடுத்ததுபோல நின்றன. ஒவ்வொன்றையும் பஞ்சால் துடைத்து, விளிம்பில் மட்டும் விரல் பட எடுத்து, ஒரு கீறல் விழுந்தால் வீட்டில் துக்கம் விழுந்ததுபோல உட்கார்ந்திருப்பேன்.

"மக்ரூன் தின்னவன் வாய் இனிச்சுக்கிட்டுப் போறான், உங்க மூஞ்சிதான் புளிச்சுப்போய் வருது," என்பாள் மதலேன்.

மதலேன் என் மனைவி. உப்பளத்தில் மூட்டை அளந்து எண்ணியவரின் மகள். அளக்கிறவர்கள் ஒன்று என்று தொடங்கமாட்டார்கள். முதல் அளவுக்கு லாபம் என்று சொல்லி, அப்புறம்தான் ரெண்டு, மூணு. ஒன்று என்றால் ஒத்தையாகிவிடும், விளங்காது என்று அவள் அப்பா சின்ன வயதிலேயே வாயில் அடித்துப் பழக்கியிருந்தார். கல்யாணமாகி வந்த பிறகும் அவள் உழக்கால் அரிசி அளந்தாலும், படி ஏறினாலும், செபமாலை உருட்டினாலும் முதலாவது லாபம்தான். எங்களுக்கு முதலில் பிறந்த பிள்ளை ஒன்பது நாள்தான் இருந்தான். மருத்துவமனையிலேயே அவசரத்துக்கு ஞானஸ்நானம் கொடுத்தார்கள், பெயரும் வைத்தார்கள், ஆனால் அவள் அந்தப் பெயரை ஒருநாளும் சொன்னதில்லை. எத்தனை பிள்ளை என்று யாராவது கேட்டால், "லாபம், ரெண்டாவது ரெஜினா," என்பாள். கேட்டவர்களுக்குப் புரியும். அந்த ஒரு சொல்லில்தான் அவன் எங்கள் வீட்டில் இருந்தான்.

செல்லையாவின் மிஷின் சத்தம் போய் உட்கார்ந்த அந்த ரிக்கார்டை எனக்குக் கொடுத்தது ஒரு போலந்துக் கப்பலின் சமையல்காரர். உறையில் ஒரு ரயில்வே காத்திருப்பு அறை, நீளமான பெஞ்சு, பெஞ்சில் யாரும் இல்லை. பாட்டின் பெயரும் அதுதான், வெயிட்டிங் ரூம் என்று அவர் எனக்குப் புரியும்படி சொன்னார். ஒன்றிலிருந்து ஏழு வரை அவர்கள் பாஷையில் எண்ணவும் சொல்லிக் கொடுத்தார், ஏனென்றால் பாட்டு தொடங்கும்போது ஒருவன் எண்ணுகிறான். ஆனால் அவன் எண்ணுவது ரெண்டிலிருந்துதான். முதலில் ஓர் எண்ணுக்கு உண்டான வெற்றிடம், வெறும் இரைச்சல், அப்புறம் ரெண்டு, மூன்று, நான்கு, ஐந்து, ஆறு, ஏழு, அப்புறம் எல்லா வாத்தியமும். நடுவிலும் அங்கங்கே இப்படி வெற்றிடங்கள் இருந்தன. எல்லோரும் ஒரே நேரத்தில் வாசிப்பதை நிறுத்திவிட்டு, யாரோ வருவதற்காகக் காத்திருப்பதுபோல இருக்கும். பரிசோதனைப் பாட்டில் எதுவும் நடக்கும் என்பதால் நான் அதையும் ஒரு சாமர்த்தியம் என்று எடுத்துக்கொண்டேன்.

எனக்கு ஷிப்ட் இல்லாத ஒரு சனிக்கிழமை முற்பகலில், ஜன்னலைத் திறந்துவைத்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தபோது, ஆறாவது நிமிஷத்து வெற்றிடத்தில் எதிர்வீட்டுச் செல்லையாவின் மிஷின் சரியாக வந்து விழுந்தது. ஒரு தட்டு முந்தவில்லை, ஒரு தட்டு பிந்தவில்லை. நான் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். மறுமுறை போட்டபோது செல்லையா சாப்பிடப் போயிருந்தார், ஆனாலும் மிஷின் சத்தம் அதே இடத்தில் வந்தது. சிரிப்பு நின்றது. ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் செல்லையா வந்து உட்கார்ந்து மிதித்தார், எண்ணெய்ப் புட்டியை எடுத்தார்.

அப்போதே சொல்லியிருக்கலாம். நான் ஜன்னலைச் சாத்தியிருக்கலாம். நான் செய்தது என்னவென்றால், பதினேழாவது நிமிஷத்தில் இருந்த பெரிய வெற்றிடத்தைக் கோடு போட்டு அளந்து, மாதா கோயிலில் பன்னிரண்டு மணிக்கு அடிக்கும் மணிக்குப் பதினேழு நிமிஷம் முன்னால், கைக்கடிகாரத்தைப் பார்த்து, ரிக்கார்டில் பிளேயரின் முள்ளை வைத்தேன்.

மணி அங்கே போய் உட்கார்ந்தபோது அந்தப் பாட்டு எப்படி நிமிர்ந்தது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

மறுநாளிலிருந்து கோயிலில் மணி ஆடியது, கயிறு இழுபட்டது, சத்தம் இல்லை. மணி அடிக்கிற உபதேசியார் ஒரு வாரம் கயிற்றைச் சந்தேகப்பட்டார், அப்புறம் மணியின் நாக்கைச் சந்தேகப்பட்டார், அப்புறம் கோபுரத்தில் ஏறி நின்று வெள்ளைத் துண்டை வீச ஆரம்பித்தார். தெருக்காரர்கள் பன்னிரண்டு மணிக்கு வாசலுக்கு வந்து அண்ணாந்து பார்த்து, துண்டு தெரிந்ததும் சிலுவை போட்டுக்கொண்டார்கள். மீன் விற்கும் சந்தியம்மாவின் கூவல் போனது. பேச்சு போகவில்லை, அந்த நீண்ட கூவல் மட்டும்தான் போனது. அவள் மடியில் கூழாங்கல் கட்டிக்கொண்டு வந்து, கதவுக்கு ஒன்றாக எறிந்து மீன் விற்றாள். உபதேசியார் வீட்டுச் சேவல் மதில்மேல் நின்று கழுத்தை நீட்டி வாயைத் திறந்து மூடியது. பக்கத்து வீட்டார்தான் ஏதோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்று உபதேசியாரின் மனைவி சொல்ல, மூன்று நாள் வாய்ச்சண்டை நடந்து, கடைசியில் சேவலைக் குழம்பு வைத்தார்கள். ருசியில் குறையில்லை, எலும்பைக் கடித்தால்தான் சத்தம் வரவில்லை என்று சொன்னார்கள்.

சத்தம் தானாகப் போகாது, யாரோ எடுக்கிறார்கள் என்ற பேச்சு அப்போதுதான் வந்தது. ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பேசும்போது வாயைக் கையால் மறைத்துக்கொண்டார்கள். வெளியூர் போகிறவர்கள் வீட்டைப் பூட்டிவிட்டு, பூட்டு ஆடும் சத்தத்தை ரெண்டு தடவை கேட்டுவிட்டுப் போனார்கள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கோயில் முற்றத்தில் கூட்டம் போட்டு யோசித்ததில், தெருவில் சத்தத்தோடு தொழில் செய்கிறவன் ஒருவன்தான் என்று கண்டுபிடித்தார்கள். ரேடியோ ரிப்பேர் இஞ்ஞாசி.

இஞ்ஞாசி என் சிநேகிதன். சோப்புப் பெட்டியில் எனக்கு ஸ்பீக்கர் செய்து கொடுத்தவன். இந்தப் பாட்டுகளை என்னோடு உட்கார்ந்து கேட்கிற ஒரே ஆள். தெரு முழுக்க அவன் கடையில் போய் நின்று, இருந்த ரேடியோ எல்லாவற்றையும் கழற்றிக் காட்டச் சொன்னது. ஒன்றில் பல்லி முட்டை இருந்தது. சத்தம் எதுவும் இல்லை.

"வேற எங்க வச்சிருக்க?" என்று கேட்டார் உபதேசியார்.

"கோயில் மணிய நான் வாங்கி என்ன செய்ய, வீட்டுல பூசையா வைக்கப் போறேன்?" என்றான் அவன்.

யாரும் சிரிக்கவில்லை. மறுநாளிலிருந்து அவன் கடைக்கு யாரும் போகவில்லை. நானும் அந்தக் கூட்டத்தில் நின்றேன். கைகள் ரெண்டையும் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன்.

அந்த வாரத்தில்தான் அது நடந்தது. குழாயில் தண்ணீர் வரத் தாமதமாகி, மதலேன் உலை வைக்க நேரமாகிவிட்டது. பதினோரு மணி இருக்கும். நான் முன்னறையில் முள்ளை வைத்தேன். அடுப்படியில் அவள் உழக்கை அரிசிப் பானையில் விட்டு, "லாபம்" என்றாள். தொடக்கத்து வெற்றிடத்தில் அது விழுந்தது. உடனே போலந்துக்காரன் ரெண்டு என்றான், அவளும் ரெண்டு என்றாள், அவன் மூன்று என்றான், அவளும் மூணு என்றாள், ரெஜினாவுக்கும் சேர்த்து மூன்று உழக்கோடு அவள் நிறுத்திக்கொள்ள, அவன் ஏழு வரை போனான், எல்லா வாத்தியமும் எழுந்தன. அதுவரை அந்த ரிக்கார்டு ஒரு கால் இல்லாமல் நடந்துகொண்டிருந்தது என்பது எனக்கு அந்த நிமிஷத்தில்தான் தெரிந்தது. இப்போது ஏழும் ஏழாக இருந்தது. அதை நான் திட்டம் போட்டுச் செய்யவில்லை. அப்படித்தான் இத்தனை வருஷமாக எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன், சொல்லும்போதெல்லாம் நம்பாமல் என்னையே திரும்பிப் பார்த்துக்கொள்கிறேன்.

மறுநாள் அவள் உழக்கை விட்டு வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. "ரெண்டு, மூணு," என்றாள். உழக்கைக் கீழே வைத்துவிட்டு முன்னறைப் பக்கம் பார்த்தாள். நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன்.

"என்னங்க."

"என்ன?"

"என் வாயிலருந்து ஒரு சொல்லு வரமாட்டேங்கு."

"எந்தச் சொல்லு?"

அவள் என்னையே பார்த்தாள். "அதச் சொல்ல முடிஞ்சா நான் ஏன் உங்ககிட்ட வாரேன்," என்றாள்.

இஞ்ஞாசி அடுத்த சனிக்கிழமை வந்தான். கடையில் வேலை இல்லை, வேறு போக்கிடமும் இல்லை. புதிதாக வந்த போலந்து ரிக்கார்டைப் போடு என்றான். மாட்டேன் என்று சொன்னால் சந்தேகம் வரும் என்று போட்டேன். அவன் கண்ணை மூடிக் கேட்டான். தொடக்கத்தைக் கேட்டபோது அவன் புருவம் லேசாக ஏறியது. ஆறாவது நிமிஷத்தில் கண்ணைத் திறந்தான்.

"கஸ்பாரு. இது செல்லையா அண்ணாச்சி மிஷின்லா?"

"இருக்கலாம்."

"இருக்கலாமா?" அவன் எழுந்தான். "என் கடையப் பிரிச்சுப் பாத்தானுவ. நீயும் நின்ன. கையக் கட்டிக்கிட்டு நின்ன."

அவன் ரிக்கார்டை நிறுத்தத்தான் கையை நீட்டினான். நான் கீறல் விழுந்துவிடும் என்று அவன் கையைத் தட்டினேன். முள் சறுக்கி, கர்ரென்று குறுக்கே ஒரு கோடு போட்டது. அதே நொடியில் எதிர்வீட்டில் மிஷின் கடகடவென்று ஓடியது. வாயாலும் கடகடவென்று சொல்லிக்கொண்டிருந்த செல்லையா வாயை மூடினார், மிதிப்பதை நிறுத்தினார், மறுபடி ஒரு மிதி மிதித்துப் பார்த்தார், அப்புறம் மிஷின் மேலேயே தலையைச் சாய்த்துக்கொண்டார்.

"நீயே சொல்லுதியா, நான் சொல்லட்டுமா?" என்றான் இஞ்ஞாசி.

நானே போய் உபதேசியாரிடம் சொன்னேன். தெருவே கூடி என்னை அடிக்கும் என்று எதிர்பார்த்திருந்தேன். அவர்கள் அடிக்கவில்லை. மறுநாள் பூசை முடிந்ததும் ரேஷன் கடையில் நிற்பதுபோல என் வாசலில் வரிசையாக நின்றார்கள். செல்லையா ஓர் ஊசிப் பொட்டலத்தைப் பிரித்து ஆளுக்கு ஓர் ஊசி கொடுத்தார். எந்தச் சத்தம் எந்த இடத்தில் இருக்கிறது என்று எனக்குத்தான் தெரியும் என்பதால், நான் இடத்தைக் காட்ட, அவரவர் தங்கள் கையாலேயே கீறி எடுத்துக்கொள்வது என்று முடிவாகியிருந்தது. கீறுவதற்கு முன்னால் தங்கள் சத்தத்தை என்ன செய்து வைத்திருக்கிறான் என்று ஒருமுறை கேட்டுப் பார்க்கவும் ஆசைப்பட்டார்கள்.

சந்தியம்மா தன் கூவல் புல்லாங்குழலுக்குள்ளே நுழைந்து வெளியே வருவதைக் கேட்டுவிட்டு, "ஏயப்பா, நல்லாத்தான் பாடியிருக்கேன். இன்னொருக்காப் போடும்," என்றாள். ரெண்டாவது தடவையும் கேட்டுவிட்டு, இரக்கமே இல்லாமல் ஆழமாகக் கீறினாள். கீறிய கையோடு வாசலில் நின்று ஒரு கூவல் விட்டாள். கடற்கரை வரைக்கும் கேட்டது.

உபதேசியார் மணியைக் கேட்டு ரொம்ப நேரம் யோசித்தார். "போலந்துக்காரனும் கத்தோலிக்கன்தான். அதனால உமக்குப் பாவத்துல பாதிதான் வே," என்றார். மணிக்கு ஒரு கீறல், சேவலுக்கு ஒரு கீறல் போட்டார். சேவல்தான் இல்லையே, யார் வாயில் வரும் என்று எல்லோரும் மதிலைப் பார்த்தார்கள். கூவல் மதிலிலிருந்தே வந்தது. சேவல் நின்ற அந்த இடத்திலிருந்து, வெறும் காரையிலிருந்து. அன்றிலிருந்து அந்த மதில் தினமும் விடியலில் கூவுகிறது. இப்போது அந்த வீட்டில் குடியிருப்பவர்கள் வேறு யாரோ. அவர்களுக்கும் அது பழகிவிட்டது.

கடைசியாக மதலேன் வந்தாள். கையில் ஊசி இருந்தது. தெரு முழுக்க எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அதற்குள் அந்த ரிக்கார்டில் பதினான்கு கீறல்கள். மீதி எல்லாம் போய்விட்டது. தொடக்கத்தின் அந்த ஏழு எண்ணிக்கை மட்டும்தான் முழுதாக இருந்தது. அடுத்து நான் செய்ததை மதலேனின் குரலுக்காகச் செய்தேன் என்று சொன்னால் கேட்பவர்களுக்கு இதமாக இருக்கும். அன்றைக்கு அவள் குரல் எனக்குப் பெரிதில்லை, அது தினமும் வீட்டில் கேட்கிற குரல். அந்த ஏழுதான் எனக்குப் பெரிது. விளிம்பை ஒட்டிப் பாட்டு இன்னும் தொடங்காத வெறும் வரி கொஞ்சம் இருக்கும். அதைக் காட்டி, "இங்கதான்," என்றேன்.

அவள் ஊசியை வைத்துக் கீறினாள். நிமிர்ந்து, எல்லோர் முன்னாலும் வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. "ரெண்டு," என்றாள்.

"தேய்ஞ்சிருக்கும் மைனி. முதல்ல இருக்கதுதான் சீக்கிரம் தேயும்," என்றார் செல்லையா.

"செபம் பண்ணுவோம்," என்றார் உபதேசியார்.

இஞ்ஞாசி பிளேயர் அருகே வந்து குனிந்தான். ரிக்கார்டைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், செருப்பை மாட்டிக்கொண்டு போனான். அதற்கப்புறம் அவன் என் வீட்டுக்குப் பாட்டுக் கேட்க வந்ததில்லை. மதலேனும் ஊசி இறங்கிய இடத்தைக் குனிந்து பார்த்தாள். நூறு மூட்டைக்கு நடுவே ஒரு மூட்டை கணக்குத் தப்பினாலும் கண்டுபிடிக்கிற வீட்டில் பிறந்தவள். எல்லோரும் ஊசியைச் செல்லையாவிடம் திருப்பிக் கொடுத்தார்கள். அவள் கொடுக்கவில்லை.

அந்த நவம்பரில் கல்லறைத் திருநாளுக்குப் போனோம். அவள் எப்போதும் முதல் மெழுகுவர்த்தியை எங்கள் பிள்ளையின் சின்னக் கல்லறையில் வைத்து, அந்தச் சொல்லைச் சொல்லித்தான் ஏற்றுவாள். அன்றைக்கு மெழுகுவர்த்தியை வைத்தாள், தீக்குச்சியை உரசினாள், வாயைத் திறந்துகொண்டு குனிந்தபடி இருந்தாள். குச்சி விரல்வரை எரிந்தது. ரெண்டாவது குச்சி உரசினாள். அதுவும் எரிந்தது. மூன்றாவதை நான் வாங்கி ஏற்றினேன். அவள் எழுந்து, அடுத்ததாகத் தன் அப்பாவின் கல்லறைக்குப் போய், "ரெண்டு," என்று சொல்லி ஏற்றினாள். வீட்டுக்கு வரும் வழி முழுக்க, இன்றைக்குச் சொல்லிவிடுவது, இன்றைக்குக் கீறிவிடுவது என்று எண்ணிக்கொண்டே வந்தேன். வீட்டுக்கு வந்ததும் சாப்பிட்டுவிட்டுப் படுத்துக்கொண்டேன்.

ரெஜினாவைப் பெண் பார்க்க வந்தவர்கள், "உங்களுக்கு எத்தனை பிள்ளைங்க?" என்று கேட்டார்கள். மதலேன் வாயைத் திறந்து, சற்று நேரம் அப்படியே இருந்து, "ரெண்டாவது ரெஜினா," என்றாள். "மூத்தது எங்க இருக்கு?" என்றார்கள். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. ரெஜினா கல்யாணமாகி மஸ்கட்டுக்குப் போனாள். அடுப்படியில் மூன்று உழக்கு ரெண்டு உழக்கானது. ஒவ்வொரு நாளும் முதல் உழக்குக்கு ஒரு சிறு மௌனம், அப்புறம், ரெண்டு. அந்த மௌனத்தில் அவள் முன்னறைப் பக்கம் பார்ப்பாள். பார்க்கிறாள் என்பது, பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமலே எனக்குத் தெரியும்.

அவள் சந்தைக்குப் போகும்போது மட்டும், தேயிலைப் பெட்டியின் அடியிலிருந்து அதை எடுப்பேன். ஏழு எண்ணும் அளவுக்குக் கேட்டுவிட்டு முள்ளைத் தூக்கிவிடுவேன். ஒருமுறை சந்தையில் மீன் இல்லையென்று சீக்கிரமே திரும்பி வந்து வாசலில் நின்றாள். எவ்வளவு நேரமாக நின்றாள் என்று தெரியாது.

"என்ன பாட்டு?"

"பழசு."

"தொடக்கம் மட்டும் கேக்கிய."

"மீதியெல்லாம் கீறல்."

"ஆமா, மீதியெல்லாம் கீறல்," என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

அதற்குப் பிறகு பதினெட்டு வருஷம் ஒரே வீட்டில் இருந்தோம். சண்டை போட்டுக்கொண்டதில்லை. என் கால் வலிக்கு அவள் தைலம் தேய்ப்பாள், அவள் இழுப்புக்கு நான் வெந்நீர் வைப்பேன். அவள் கடைசியாக ஆஸ்பத்திரியில் கிடந்தபோது நர்சு வந்து மாத்திரைகளை எண்ணிக் கொடுத்தாள். ஒண்ணு என்று நர்சு தொடங்கியதும் மதலேன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். மூன்றாம் நாள் போய்விட்டாள்.

காரியமெல்லாம் முடிந்து ரெஜினா மஸ்கட்டுக்குத் திரும்பிய பிறகு, நான் எனக்கு மட்டும் சமைக்கக் கற்றுக்கொண்டேன். அவள் நிரப்பி வைத்துவிட்டுப் போன பானையிலிருந்து தினம் ஓர் உழக்கு. சந்தைக்குப் போக ஆள் இல்லை என்பதால், ரிக்கார்டை எந்த நேரமும் கேட்கலாம். கேட்டேன். அவள் குரல் எனக்கு அப்போதுதான் பெரிதானது. லாபம் என்பாள், போலந்துக்காரன் ரெண்டு என்பான், அவள் அதற்குமேல் ஒன்றும் சொல்லமாட்டாள். ஒரு நாளைக்கு நாற்பது தடவை, ஐம்பது தடவை.

நாற்பத்தைந்து நாள் போல ஆகியிருக்கும். பானையில் அரிசி அடியைத் தொட்டது. வண்டு வராமல் இருக்க அவள் போட்டுவைக்கும் வசம்புத் துண்டு அடியில் கிடந்தது. எடுத்தேன். அதில் ஓர் ஊசி குத்தியிருந்தது. துருப்பிடிக்காத ஊசி, தையல் ஊசி.

மாதம் ஒருமுறை பானையைக் கவிழ்த்துக் கழுவி, காயவைத்து, புது அரிசி கொட்டுகிறவள். ஒவ்வொரு முறையும் வசம்பை மாற்றியிருக்கிறாள், ஊசியைத் துடைத்து, புது வசம்பில் குத்தி, அடியில் வைத்து, மேலே அரிசியைக் கொட்டியிருக்கிறாள். நான் ஷிப்டுக்குப் போன எந்த நாளிலும் அவள் தேயிலைப் பெட்டியைத் திறந்து அந்த ஊசியால் ஒரு கோடு போட்டிருக்கலாம். பூட்டு இல்லாத பெட்டி. இடமும் அவளுக்குத் தெரியும். போடவில்லை. என்னை மன்னித்துத்தான் போடாமல் விட்டாளா, நானாகப் போடுகிறேனா என்று கடைசிவரை எண்ணிக்கொண்டிருந்தாளா, அரிசி தீரும் நாளில் இது என் கையில் கிடைக்கும் என்று கணக்குப் போட்டு வைத்தாளா. மூன்றையும் மாற்றி மாற்றி நினைத்துப் பார்க்கிறேன். மூன்றையும் நம்ப முடியவில்லை.

அன்றைக்கே ரிக்கார்டை எடுத்துவந்து அடுப்படியில் தரையில் வைத்தேன். கடைசியாக ஒருமுறை கேட்டுவிடலாம் என்று தோன்றியது. அந்த நினைப்பின் மேலும் எனக்குச் சந்தேகம் வந்தது. கேட்காமலே, முதல் வரியில், சரியான இடத்தில், ஊசியை வைத்துக் கீறினேன்.

வீட்டில் எந்தச் சத்தமும் இல்லை. வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அப்புறம் கடைக்குப் போய்ப் புது அரிசி வாங்கி வந்து, பானையில் கொட்டி, உழக்கை உள்ளே விட்டேன்.

"லாபம்," என்றது பானைக்குள்ளிருந்து. அவள் குரல், இருபத்தேழு வயதில் இருந்த குரல்.

இப்போது தினமும் அப்படித்தான். கல்லறைத் திருநாளுக்கு உழக்கில் கொஞ்சம் அரிசி எடுத்துப் பையில் வைத்துக்கொண்டு போனேன். சின்னக் கல்லறையில் மெழுகுவர்த்தியை வைத்து, உழக்கைத் தரையில் வைத்துப் பார்த்தேன். அங்கே அது பேசவில்லை. வீட்டில்தான் பேசுகிறது, அவள் நின்ற இடத்தில்தான். ஆகவே மெழுகுவர்த்தி ஏற்றும்போது அந்தச் சொல்லை நானே சொன்னேன், கோடு போட்டு எண்ணிப் பழகிய வாயால், முதல் தடவையாக.

ஓர் ஆளுக்கு ஓர் உழக்கு போதும். ஆனாலும் பழக்கத்தில் ரெண்டாவது தடவை உழக்கைப் பானைக்குள் விடுகிறேன். ஒன்றும் கேட்காது. கொஞ்ச நேரம் அப்படியே பிடித்துக்கொண்டிருந்துவிட்டு, அரிசியைத் திரும்பக் கொட்டிவிடுகிறேன்.